அறுபதுக்கு முன்னால் உடம்பு விட்டுப்போனால்

தமிழ்நாட்டில் கணவனை இழந்த பெண்ணுக்கு ஓய்வூதியம் உண்டு. கணவன் கைவிட்ட பெண்ணுக்கு உண்டு. ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருக்கிற ஏழைப் பெண்ணுக்கு உண்டு. அறுபது முடிந்து ஆதரவில்லாமல் இருந்தால் ஆண் பெண் யாருக்கும் உண்டு. ஐம்பத்தேழு வயதில் பார்த்த வேலையும் போய், சர்க்கரையும் மூச்சிரைப்பும் சேர்ந்து ஆளை உட்கார வைத்துவிட்ட ஒரு ஆணுக்கு என்ன உண்டு என்று கேட்டால், "அறுபது ஆகட்டும், பாக்கலாம்" என்கிறார்கள். பெண்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கொடுப்பதே மாதம் 1,200 ரூபாய், அதுவும் 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து ஏறியது. நான் சொல்வது வேறு. உழைக்க முடியாமல் போவதற்கும் அரசாங்கக் கணக்கில் முதியவர் ஆவதற்கும் நடுவே சில வருஷங்கள் கிடக்கின்றன. மேடும் படியும் ஏறி, குளிரிலும் ஈரத்திலும் மூட்டை தூக்கியவர்களுக்கு அந்த வருஷங்கள் இன்னும் நீளம்.

எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் ஒரு அண்ணன் குடியிருக்கிறார். நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து அரவேனு போகிற பக்கம். அவரோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது தங்கச்சி, பேரு மட்டும் போட்றாத" என்றார், போடவில்லை.

அண்ணன் பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்த குடும்பம், 1974இல் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி. அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தார்கள், இவர் கொஞ்சம் வளர்ந்ததும் டீ பேக்டரிக்குப் போய்விட்டார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிற தனியார் பேக்டரிகள் இங்கே நிறைய இருந்தன, இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. அதில் ஒன்றில் சில வருஷம், நடுவில் கிடைத்த கூலி வேலை, அப்புறம் இன்னொரு பேக்டரி. பெரும்பாலும் தூள் சலிக்கிற இடத்தில்தான் வேலை. அந்த அறையில் அரை மணி நேரம் நின்றாலே தலைமுடி, புருவம் எல்லாம் செம்பட்டை ஆகிவிடும், இவர் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறார். பேக்டரி மூடியதும் கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை தூக்கினார். அங்கே நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற காலில் ஒரு புண் வந்தது, சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இடது காலின் விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூச்சிரைப்பு அதற்கு முன்னாலிருந்தே இருந்தது, டிசம்பரில் உறைபனி விழுகிற நாட்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார்.

நல்லவேளை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், ஒரு வருஷத்தில் ஐந்து லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கும்போதே வருமானச் சான்று வாங்கி ஊட்டியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபது ஆகாத ஆணுக்கு மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்ற ஒரே கதவுதான் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1,500 ரூபாய். நாற்பது சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று மருத்துவச் சான்று வேண்டும். அண்ணன் முதலில் இதைக் கேட்டதும், "நான் நொண்டியா தங்கச்சி? சீக்காளிதான" என்றார். அவர் சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும், அதுதான் கஷ்டம். 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. கை கால், பார்வை, காது, மனநோய், பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் வரும். கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் இருக்கிற சிக்கிள் செல் ரத்தச் சோகையும் வரும், அது வந்தது நல்ல விஷயம். இதயம் வராது. நுரையீரல் வராது. சிறுநீரகம் வராது. சர்க்கரை என்ற பெயரில் எதுவுமே வராது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனுஷன் அந்தப் பட்டியலின்படி முழு ஆரோக்கியமானவர்.

இது நியாயமா என்றால் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம், ஆனால் பட்டியலோடு சண்டை போட்டு இந்த மாத அரிசிக்கு வழி பிறக்காது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, அந்த நோய் உடம்பில் எதைப் பறித்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை பட்டியலில் இல்லை, சர்க்கரையால் போன கால் விரல் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு இல்லை, அதனால் பக்கவாதம் வந்து கை தூக்க முடியாமல் போனால் அது இருக்கிறது. மெஷின் சத்தத்தில் காது மந்தமானவர்கள் பேக்டரி ஆட்களில் நிறையப் பேர் உண்டு, யாரும் காதைக் காட்டுவதே இல்லை. "வயசானா கேக்காதுதான" என்று விட்டுவிடுகிறார்கள்.

கால் விரல்களை வைத்து எலும்பு டாக்டரிடம் போனோம். இங்கேதான் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் மூன்று இடத்தில் திண்ணை தேடி உட்கார்ந்த மனுஷன், டாக்டர் முன்னால் போனதும் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். "நடப்பீங்களா?" "நடப்பேன் சார்." "மாடிப்படி ஏறுவீங்களா?" "ஏறுவேன் சார், மெதுவா." "வேலைக்குப் போறீங்களா?" "கெடச்சா போவேன் சார்." எல்லாமே பொய் இல்லை, எதுவுமே உண்மையும் இல்லை. வெளியே வந்து ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், "பெரிய டாக்டரு, அவருகிட்ட போயி முடியல முடியலன்னு அழ முடியுமா" என்கிறார். ஆயுசு முழுக்க "முடியும் சார்" என்று சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கிறார்கள் இந்த ஆட்கள். முடியாது என்று சொன்ன அன்றைக்குக் கூலி கிடையாது. திடீரென்று ஒரு நாள் அதே வாயால் முடியாது என்று சொல்லச் சொன்னால் எப்படி வரும்?

அதனால் இப்படி யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பொய் சொல்லச் சொல்லவே கூடாது, அது மாட்டும், மாட்டாவிட்டாலும் தப்பு. மோசமான நாள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். போன வாரம் கடைக்கு யார் போனார்கள், குளிக்கத் தண்ணீர் யார் தூக்கினார்கள், கடைசியாக எப்போது விழுந்தீர்கள். அண்ணனிடம் கேட்டபோது பெரும்பாலான பதிலை அண்ணிதான் சொன்னார். "இவரு கக்கூஸ்ல விழுந்தத உன்கிட்ட சொன்னாரா?" சொல்லவில்லை. அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். அண்ணியும் கூட வந்தார். டாக்டர் கேட்டதற்கு இவர் "நடப்பேன்" என்று ஆரம்பிக்கும் முன்பே அண்ணி பதில் சொல்லிவிட்டார்.

ஆனாலும் கால் விரல்களுக்கு டாக்டர் போட்டது 20 சதவீதம்தான். அவர் மேல் குறை சொல்ல முடியாது, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று அவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் அவரால் போட முடியாது. நாற்பதுக்குப் பாதி தூரம். சரி, அவ்வளவுதான் என்று கிளம்பப் பார்த்தோம். அந்த டாக்டரே, சர்க்கரை இத்தனை வருஷம் இருந்திருக்கிறதே, கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஒரு கண்ணு கொஞ்ச நாளா புகையா இருக்கு சார், இன்னொன்னு நல்லா தெரியுது" என்றார். கொஞ்ச நாள் என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் என்பது அப்புறம் தெரிந்தது. விழித்திரையில் ரத்தம் கசிந்து அந்தக் கண் ஏறக்குறைய போயேவிட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணி அன்றைக்கு ஊட்டியிலிருந்து கட்டபெட்டு வரும் வரை அவரோடு பேசவில்லை.

ஒரு கண் நல்லாக இருந்து இன்னொரு கண் அறவே போயிருந்தால் 30 சதவீதம். அதுவும் தனியாக நாற்பதைத் தொடாது. ஆனால் இரண்டு குறைபாடு இருந்தால் சேர்த்துக் கணக்கிடலாம். இதை எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முப்பதும் இருபதும் ஐம்பது என்று நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். அண்ணனுக்கு 90இல் 30 போக 60, அதை 20ஆல் பெருக்கினால் 1,200, 90ஆல் வகுத்தால் பதின்மூன்று சொச்சம், முப்பதோடு சேர்த்தால் 43. நாற்பதைத் தாண்டிவிட்டது. காலுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டு "எதிலயும் வரல" என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் இந்த மலையில் எத்தனை பேரோ. போகும்போது எல்லாக் குறையையும் சேர்த்துக் காட்டுங்கள், இரண்டு துறையிலும் எழுதி வாங்குங்கள், பலவகைக் குறைபாடு என்று சேர்த்துச் சான்று கேளுங்கள்.

அப்புறம் அடையாள அட்டை வந்தது. அரசு பஸ்ஸில் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி, கூட ஒருவர் போனால் அவருக்கும் உண்டு. ஊட்டி போக வர ஆகும் செலவை நினைத்தே பாதிப் பேர் கைவிட்டுவிடுவதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பாருங்கள், இந்தச் சலுகை அட்டை வந்த பிறகுதான், அலைச்சல் முழுக்க அதற்கு முன்னால்.

அட்டை கையில் வந்ததும் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மேலே போகும். இந்த வழியில் எங்கெங்கே மாட்டும் என்று சொல்கிறேன்.

முதலாவது போன் நம்பர். அண்ணனிடம் பட்டன் போன் இருக்கிறது, ஆனால் ஆதாரில் இருந்த நம்பர் திருப்பூரில் இருக்கும் மருமகனுடையது, அதுவும் அவர் எப்போதோ தூக்கிப்போட்ட சிம். ஓ.டி.பி. எங்கே போகிறதோ யாருக்குத் தெரியும். விண்ணப்பம் போடும்போது அவசரத்துக்கு மையத்துக்காரரின் நம்பரையே போட்டுவிடுகிற பழக்கமும் இருக்கிறது, அப்படிப் போட்டால் "கூடுதல் ஆவணம் தேவை" என்று வருகிற செய்தி உங்களுக்கு வரவே வராது, மனு தள்ளுபடி ஆன பிறகுதான் தெரியும். முதல் வேலையாக ஆதாரில் நம்பரை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது பெயர். ரேஷன் கார்டில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

மூன்றாவது, இது எங்களைப் போன்ற ஊர்களில் மட்டும் வரும். பிறந்த இடம் இலங்கை என்றதும் ஒரு ஆபீஸில் இருந்தவர், அகதிகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, முகாம் பதிவு எங்கே என்று கேட்டார். தாயகம் திரும்பியவர்கள் வேறு, 1983க்குப் பிறகு வந்த அகதிகள் வேறு. அண்ணன் இந்தியக் குடிமகன், ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறவர். அரை நூற்றாண்டு கழித்தும் இதை விளக்க வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் அப்போது கொடுத்த குடும்ப அட்டையை அவர் அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தார், அதைக் காட்டியதும் பேச்சு நின்றது. இந்த அட்டை வைத்திருக்கிற குடும்பங்கள் தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள், நாலு காப்பி எடுத்து நாலு இடத்தில் வையுங்கள்.

அந்த அட்டையில் அண்ணன் வயது ஏழு என்று இருக்கிறது. அப்படியானால் 1967. ஆதாரில் 1968 ஜனவரி 1. ஆதார் எடுத்த அன்றைக்கு "எத்தன வயசு இருக்கும்" என்று கேட்டு ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டு ஜனவரி ஒன்று என்று அடித்திருக்கிறார்கள். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு ஒரே நாளில்தான் பிறந்தநாள். இதைத் திருத்தலாமா என்று யோசித்தோம். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதற்கு அவர்கள் கேட்கிற ஆவணமும் வேண்டும். ஒரு வருஷ வித்தியாசத்துக்காக அந்த ஒரே வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம், மற்ற காகிதங்களை ஆதாருக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது சுலபம் என்று விட்டுவிட்டோம். ஐந்தாறு வருஷம் வித்தியாசம் இருந்தால் கதை வேறு, அப்போது கண்டிப்பாகப் போராட வேண்டும். ஆதாரை வயதுக்குச் சான்றாக எடுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்பது ஆதாரைத்தான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அண்ணி வந்து, வேண்டாம், மனுவைத் திருப்பி வாங்கிவிடலாம் என்றார். என்னவென்றால், இவருக்குப் பணம் வந்தால் அவருக்கு வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் புரளி மலை முழுக்க இருக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்கு உரிமைத் தொகை கிடையாது என்பது பொதுவான விதி, அது சரி. ஆனால் வீட்டில் வேறு ஒருவர் முதியோர் பணமோ மாற்றுத்திறனாளி பணமோ வாங்கினால் அதற்காக மனைவியின் தொகை நிற்காது, திட்டம் தொடங்குவதற்கு முன் 2023 ஆகஸ்டிலேயே இந்தத் தளர்வை அறிவித்துவிட்டார்கள். அண்ணியை நம்பவைக்கப் பழைய செய்தித்தாள் செய்தியைப் போனில் தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

புரோக்கரும் வந்தார். இன்னார் ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று. அண்ணன் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார், கடன் வாங்கியாவது. அவரைத் தடுத்து, திங்கட்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்டில் கூடுதல் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கச் செய்தோம். மனுவில் வரலாறு எழுத வேண்டாம். விண்ணப்ப எண், எந்த ஆபீஸில் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது, என்ன வேண்டும், அரைப் பக்கம் போதும். அப்படிக் கொடுத்த மனுவுக்கும் எண் தருவார்கள், அதை வைத்து அரசின் உதவி எண் 1100க்குப் போன் செய்து கேட்கலாம். புரோக்கருக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பணத்துக்கு எண்ணும் கிடையாது, ரசீதும் கிடையாது. 1,500 ரூபாய் இப்போது மாதாமாதம் வருகிறது.

இனி பி.எஃப். இதை நான்தான் பிடித்து இழுத்தேன், அண்ணனுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "அதெல்லாம் பேக்டரி மூடினப்பவே போச்சு" என்றார். போகவில்லை. பி.எஃப்.புக்கு முதலாளி கட்டுகிற பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, 1995 நவம்பரில் ஆரம்பித்த திட்டம் அது. மொத்தம் பத்து வருஷம் சேர்ந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம், குறைந்தது ஆயிரம் ரூபாய் என்று 2014இல் ஆக்கினார்கள். ஆயிரம் பெரிய தொகை இல்லை, அதை உயர்த்தச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கேட்கிறார்கள். ஆனால் இது அவர் உழைப்புக்காகக் கட்டப்பட்ட பணம். "பிச்சை கேக்கற மாதிரி இருக்கு தங்கச்சி" என்று மற்ற ஆபீஸ்களில் கூசிக்கூசி நின்றவரிடம், இது உங்கள் காசு, உங்களுக்காகக் கட்டியதைத்தான் கேட்கிறோம் என்று சொன்னபோது முகமே மாறியது.

சிக்கல் என்னவென்றால், முதல் பேக்டரியில் ஆறு வருஷம், இரண்டாவதில் ஐந்து வருஷத்துக்குக் கிட்ட. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பத்து இல்லை. சேர்த்தால் இருக்கிறது. கடைசியில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உதிரியாக நின்றால் அதையும் முழு வருஷமாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் ஒன்பதரை வருஷம் இருக்கிறவர்களும் விட்டுவிடக் கூடாது. ஆனால் வேலையை விட்டபோது பணத்தை எடுத்துவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. படிவம் 19 போட்டால் பி.எஃப். பணம் வரும், அதோடு 10சி என்று இன்னொரு படிவத்திலும் கையெழுத்து வாங்குவார்கள், அதில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸ் கணக்கில் இல்லாமல் போய்விடும். கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று எத்தனையோ பேர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், என்ன போட்டோம் என்றே தெரியாமல். அண்ணன் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு முறை அதுவே நல்லதாகப் போனது.

முதல் பேக்டரிக் காலத்தில், ஒரு ஆளின் எல்லா பி.எஃப். கணக்குக்கும் பொதுவாக இப்போது இருக்கிற யு.ஏ.என். எண் எல்லாம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை மஞ்சளாக ஒரு சிலிப் கொடுப்பார்கள், அவ்வளவுதான். மறுபடியும் அதே தகரப்பெட்டிதான் காப்பாற்றியது. சிலிப்பில் கணக்கு எண் இருந்தது. அந்தப் பேக்டரியில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் குன்னூரில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது எண்பதைத் தொடும், அண்ணன் சேர்ந்த வருஷத்தையும் விட்ட வருஷத்தையும் பேரேடு பார்க்காமலே சொன்னார். இரண்டாவது பேக்டரியில் பெயர் எழுத்து வேறு, பிறந்த தேதி வேறு. அதை மாற்ற முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழி கேட்பார்கள். மூடிய பேக்டரிக்கு முதலாளி எங்கே? நாங்கள் போன் செய்தால் எடுப்பதே இல்லை. இப்படிப் பட்ட இடத்தில் பேங்க் மேலாளரோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பி.எஃப். ஆபீஸ் கோவையில். கீழே இறங்கிப் போய், வெயிலில் நின்று, திரும்பி மலையேறுவது மூச்சிரைப்புக்காரருக்கு ஆகிற காரியம் இல்லை, அதுவும் ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மண் சரியுமோ என்று பார்த்துக்கொண்டே. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் பி.எஃப். ஆட்களே வந்து உட்காருகிறார்கள், விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாள். இடம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின வாரம் பேப்பரில் வரும். அங்கே போனபோது ஒரு இளம் அதிகாரி சிலிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, படிவம் 13 போட்டு இரண்டு கணக்கையும் சேர்க்கலாம் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தார். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், அவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

ஐம்பது முடிந்திருந்தால் 58க்கு முன்பே கூட ஓய்வூதியம் கேட்கலாம், ஆனால் முன்னால் வாங்குகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் நாலு சதவீதம் குறைப்பார்கள், ஆயுசுக்கும் குறைந்ததாகவே வரும். அண்ணனுக்கு ஆதார்படி வருகிற ஜனவரியில் 58. இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஐம்பத்து மூன்று, நாலு வயதில் படுத்துவிட்டவராக இருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன், வயிற்றுக்கு இன்றைக்கு வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் எங்களுக்கு அலைச்சல் இல்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. கொண்டுவருகிற அந்தப் பெண் மேல் வரிசைப் படிகளை மழையிலும் ஏறி வருகிறார். அவர் எழுதுகிற பதிவுப் புத்தகத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எத்தனை வருஷமாக என்ன நோய், என்ன மாத்திரை என்பதற்கு நம்மிடம் வேறு எழுத்தே இருக்காது. சீட்டையெல்லாம் அடுப்படியில் சொருகி வைத்துக் கரி பிடிக்க விடாமல் ஒரு பைலில் போடுங்கள்.

இன்னொன்று, கூலி வேலை செய்கிறவர்கள் அறுபதுக்கு முன்பே அமைப்புசாரா நலவாரியத்தில் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு இது காதில் ஏறாது என்று தெரியும், அண்ணனுக்கும் அப்போது ஏறவில்லை.

இப்போது நிற்கிற வேலை, பி.எஃப். ஓய்வூதியம் கேட்டு ஜனவரியில் கொடுக்க வேண்டிய 10டி படிவம். அதற்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். கல்யாணப் போட்டோ இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமே என்கிறார் அண்ணன். அது முடியாது, இப்போதைய முகம் வேண்டும் என்றேன். கோத்தகிரி சந்தைக்கு அண்ணி காய் வாங்கப் போகிற அன்றைக்கு ஸ்டுடியோவுக்கும் போய் வருவதாகப் பேச்சு. அண்ணி சம்மதித்துவிட்டார், அண்ணன்தான் முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.